பச்சையா, மஞ்சளா?

விசேஷ நாட்களில் கடற்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவைக்கிறோம் அல்லவா? சிங்கப்பூர்த் தேக்காவில் 'அகர் அகர்' என்று கேட்டு வாங்கும் அதே சரக்குதான், ஆய்வுக்கூடத்தில் கிருமிகளுக்குப் பாத்தி. 1880களில் ஜெர்மனியில் இந்த யோசனையைச் சொன்னவர் பேன்னி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. ஜாவாவில் வாழ்ந்தவர்களிடம் கேட்டறிந்த சமையல் பக்குவம் அது!

2009 ஏப்ரலில் சிங்கப்பூர் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரொஜாக் உண்டவர்களில் 154 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். வாந்திபேதி என்றதும் காலராவோ என்று அஞ்சுவோம். ஆனால் சோதனையில் அகப்பட்டது அதன் பங்காளி, கடலுணவில் வரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்.

நுண்பெருக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பிரிப்பது எப்படி? பித்த உப்பு, சீனி, நிறம் மாறும் சாயம் ஆகியவை கலந்த அகர் தட்டில் நோயாளியின் மலத்தைத் தடவி, உடற்சூட்டில் ஓரிரவு வைப்பார்கள். பித்த உப்பு வேறு பல கிருமிகளை அடக்கிவிடும். காலராக் கிருமி சீனியைப் புளிக்கவைப்பதால் அதன் திட்டுகள் மஞ்சளாகும். மற்றதற்குச் சீனி ஆகாது. திட்டுகள் பச்சையாகவே இருக்கும். பிறகு வேறு சோதனைகளாலும் உறுதி செய்வார்கள்.

மலம் கொடுக்க நம்மில் பலருக்குக் கூச்சம். அதைவிடத் தொல்லை, வீட்டில் மிஞ்சிய மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவது. கிருமி பாதி செத்திருக்கும். தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். உப்புச்சர்க்கரை நீரைக் குடித்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போய், மருந்துக்கு முன்பே மலத்தைக் கொடுத்துவிடுவோம்.