ஆங்கில வினைச்சொல்லும் காலமும்



ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத வேண்டுமெனில் நாம் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளைகளையே நாடுகின்றோம். பிள்ளைகளோ வினைச்சொல்லின் காலத்தில் தடுமாறுகின்றனர். அஃது அறிவுக் குறைவன்று. நாம் வழங்கும் மொழிகள் காலத்தைக் காட்டும் முறை வெவ்வேறு.

மலாய் மொழியில் 'பெர்கி' எனும் சொல் நேற்றைக்கும் நாளைக்கும் மாறுவதில்லை; 'செமாலாம்', 'ஏசோக்' என்பனவே காலத்தை உணர்த்திவிடும். தமிழிலோ 'வெட்டினேன், வெட்டுகிறேன், வெட்டுவேன்' எனச் சொல்லுக்குள்ளேயே காலம் அமைகின்றது. இவ்வகையில் ஆங்கிலம் தமிழுக்கே சற்று அணுக்கமானது. 'டேப்' என்பது இறந்த காலத்தில் 'டேப்ட்' ஆகும். 'கோ' என்பது 'வெண்ட்' என முற்றிலும் மாறிவிடும்; இத்தகையவற்றை மனனம் செய்வதன்றி வேறு வழியில்லை.

இனி, 'பால் வெட்ட வந்தான்' என்னும் தொடரை நோக்குவோம். காலத்தைக் காட்டுவது 'வந்தான்' என்பதே. 'வெட்ட' என்பதில் காலமும் தெரியாது, ஆளும் தெரியாது. நன்னூல் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் இச் 'செய' என்பதும் ஒன்று. ஆங்கிலத்தார் இதற்கு நிகரானதை 'இன்ஃபினிட்டிவ்' என்பர். பெயரைப் பின்னர்க் கற்றாலும் குற்றமில்லை. முறையை முதலில் அறிதல் வேண்டும். 'ஹி கேம் டு டேப்' என்பதே சரி. 'டு டேப்ட்' என்பது பிழை. 'வெட்டினான் வந்தான்' என்று நாம் சொல்வதுண்டோ? அவ்வாறே 'டிட் நாட்' என்பதன் பின் 'கோ' வருமேயன்றி 'வெண்ட்' வாராது. காலத்தை 'டிட்' முன்னரே சுமந்துவிட்டது.

சம்பளம் பற்றிய மனுவிலேதான் மிகுந்த கவனம் தேவை. 'கிடைக்கவில்லை' என்னும் ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்கள் உள. 'ஐ டிட் நாட் ரிசீவ் மை வேஜஸ் இன் மார்ச்' என்றால், மார்ச்சு மாதத்தில் பெறவில்லை என்பது மட்டுமே பொருள். ஏப்ரலில் பெற்றிருக்கவும் கூடும். 'ஐ ஹேவ் நாட் ரிசீவ்ட் மை மார்ச் வேஜஸ்' என்றால், மார்ச்சு மாதச் சம்பளம் இன்றுவரை கைக்கு வரவில்லை என்பதாகும். நிலுவை கோருபவர் எழுத வேண்டியது இரண்டாவதே.

மற்றொன்று. 'ஹி ஸ்டாப்ட் டு டேப்' என்றால் வெட்டுவதற்காக நின்றான். 'ஹி ஸ்டாப்ட் டேப்பிங்' என்றால் வெட்டுவதை நிறுத்தினான். விசாரணையில் கையெழுத்திடும் முன், தாளில் இருப்பது எது எனப் பிள்ளையைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.