பாழ்மூலையிலிருந்து கீரைப்பாத்தி வரை

அரசுக் கட்டடங்களின் வரைபடங்களில் ஒரு பகுதி எப்போதும் பெயரின்றியே விடப்படுகிறது. வகுப்பறை, சமையற்கூடம், கழிப்பறை, நடைபாதை என ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிய பொறியாளரின் பேனா, சுற்றுச்சுவரின் பின்மூலைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. கட்டட வேலை முடிந்தபின் எஞ்சிய உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் அங்கே குவிக்கப்படுகின்றன. முதல் மழைக்குப் பின் களை முளைக்கிறது. இரண்டாம் ஆண்டில் அது புதராகிறது. மூன்றாம் ஆண்டில் அந்த மூலை இருப்பதையே அனைவரும் மறந்து விடுகின்றனர்.

பள்ளி, துணைச் சுகாதார நிலையம், அங்கன்வாடி எனப் பல இடங்களிலும் காணக்கூடிய காட்சி இது. நாட்டில் ஏறத்தாழப் பதினான்கு லட்சம் அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. அவற்றுள் வாடகைக் கட்டடங்களில் இயங்கும் பல மையங்களுக்கு முற்றமே கிடையாது. முற்றம் உள்ள மையங்களிலோ அதன் ஒரு பகுதி பெரும்பாலும் இவ்வாறு பாழாகவே கிடக்கிறது. தக்காணப் பீடபூமியின் சிற்றூர் ஒன்றில், முப்பது குழந்தைகள் வரும் ஒரு மையத்தின் பின்மூலையை எடுத்துக்கொண்டு, அதைத் தோட்டமாக்குவதில் அடங்கியுள்ள வேலை யாது, அந்த வேலை யாருடையது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

உணவுப் பற்றாக்குறையும் முற்றமும்

முற்றத்தில் உணவு விளைவிக்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதன்று. விடுதலைக்குப் பிந்தைய பற்றாக்குறை நாட்களில், கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தம் மாளிகை வளாகத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார். 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தமது இல்லத்துப் புல்வெளியை உழுது பயிரிட்டார். 1960-களில் ஒரிசாவில் முனைந்து தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய செயல்முறை ஊட்டச்சத்துத் திட்டத்தில் பள்ளித் தோட்டமும் வீட்டுத் தோட்டமும் முக்கிய இடம் பெற்றிருந்தன. 2018-இல் தொடங்கப்பட்ட போஷண் இயக்கம் இதே கருத்தை ‘போஷண் வாடிகா’ என்னும் பெயரில் மீண்டும் எடுத்துக்கொண்டது. பெயர் மாறி மாறி வந்திருப்பதே ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் தோட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

இதன் தேவையைக் குறித்து ஐயமில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் இரத்தசோகை உடையோர் 2015-16-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வில் 58.6 விழுக்காடாக இருந்தனர். 2019-21-ஆம் ஆண்டு ஆய்வில் இது 67.1 விழுக்காடாக உயர்ந்தது. இரத்தத்தை அளவிட்ட முறை குறித்து வல்லுநரிடையே விவாதம் உண்டு. ஆயினும் நிலைமை கவலைக்குரியது என்பதை எவரும் மறுப்பதில்லை. கீரை ஒன்றே இதைத் தீர்த்துவிடும் என்று கூறுவது மிகையாகும். கீரையிலுள்ள இரும்புச் சத்தில் ஒரு சிறு பங்கையே உடல் ஏற்கிறது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி உடன் சேரும்போது அது சற்றுக் கூடுகிறது. உணவோடு தேநீர் அருந்தினால் குறைந்துவிடுகிறது. இரும்பு மாத்திரை, குடற்புழு நீக்கம், பருப்பு வகைகள் ஆகிய அனைத்தும் வேண்டும். எனினும் வைட்டமின் ஏ-க்கான மூலப்பொருளும் ஃபோலேட்டும் எளிதில் கிடைக்கும் மலிவான வழி கீரையே. அந்தக் கீரையோ, வாரச் சந்தையன்றிப் பிற நாட்களில் சிற்றூர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை.

புதருக்குள் இருப்பது

தக்காணத்தின் பாழ்மூலைகளை இன்று ஆள்வது பார்த்தீனியம் என்னும் களையாகும். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி 1950-களின் நடுவில் புணேயில் கண்டறியப்பட்டது. அந்நாளில் இறக்குமதியான கோதுமையோடு கலந்து வந்திருக்கலாம் என்பது பலரது கருத்து. சாஸ்திரியைப் புல்வெளியை உழச் செய்த அதே பற்றாக்குறை, இந்தக் களைக்கும் கதவைத் திறந்துவிட்டது போலும்! இலை காரட் இலையை ஒத்திருப்பதால் வடநாட்டில் ‘காஜர் காஸ்’ என்றும், வேறு சில பகுதிகளில் ‘காங்கிரஸ் புல்’ என்றும் இதை அழைக்கின்றனர். தொடுவோர் சிலருக்குத் தோல் அழற்சி உண்டாகிறது. மகரந்தம் காற்றில் பரவி மூச்சுத் தொல்லை தருகிறது. முப்பது குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இது நிற்பது எவ்வகையிலும் பொருத்தமன்று.

இதை ஒழிக்கும் முறையில் நாள்தான் முக்கியம். பருவமழையின் தொடக்கத்தில் முளைக்கும் செடி ஒன்றிரண்டு மாதங்களுக்குள் பூத்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். ஆகவே மண் ஈரமாக இருக்கும்போது, பூப்பதற்கு முன்னரே, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். அரிவாளால் மேலாக அறுத்துவிட்டால் அடிக்கட்டை மீண்டும் தழைக்கிறது. அறுத்தவர் வேலை முடிந்ததாக எண்ணுகிறார். செடியோ அவ்வாறு எண்ணுவதில்லை. மெக்சிகோ நாட்டு வண்டு ஒன்று இக்களையின் இலையைத் தின்பதறிந்து, 1984-இல் பெங்களூரில் அது விடப்பட்டது. மழைக்காலத்தில் அது ஓரளவு துணைபுரிகிறது. சிறு முற்றத்துக்கு மனிதக் கைகளே போதும். மண்ணில் பழைய விதை சில ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், ஒரு முறை பிடுங்கியதோடு கடமை தீராது.

களையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது அதன் அடியில் இருக்கக்கூடியது. உடைகல் குவியலில் எலி வளை தோண்டும். எலியைத் தேடிப் பாம்பு வரும். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தனர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே தக்காணத்தில் உள்ளவை. எனவே புதர் நீக்கும் வேலை பகல் வெளிச்சத்தில், நீண்ட கழியால் தட்டிப் பார்த்தபின், காலில் முழு மூடணி அணிந்தோரால் செய்யப்பட வேண்டும். பள்ளி மாணவரை வரிசையாக நிறுத்திச் சிரமதானம் என்ற பெயரில் இவ்வேலையைச் செய்விப்பது பெருந்தவறு. குழந்தைகளுக்குரிய வேலை விதைப்பில்தான் தொடங்குகிறது.

நச்சுச் செடிகளும் இருக்கலாம். ஊமத்தை, அரளி, ஆமணக்கு ஆகியவற்றைப் பலரும் அறிவர். காட்டாமணக்கைப் பலர் ஐயுறுவதில்லை. உயிரி டீசலுக்கெனக் கடந்த 2000-களில் பல இடங்களில் அது ஊக்கத்துடன் நடப்பட்டது. அதன் விதை கடலையைப் போல் சற்று இனிப்பதால் குழந்தைகள் தின்று வாந்தியுற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட நிகழ்ச்சிகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. வேலிக்கு ஏற்ற செடி ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்னும் பொருள்பட அமைந்த அதன் தமிழ்ப் பெயரே அதன் தகுதிச் சான்று.

பன்னிரண்டு சதுர மீட்டர்

இடிபாட்டை அகற்றியபின் தெரியும் மண் பெரும்பாலும் மண்ணாகவே இராது. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து களர்த்தன்மை மிகுந்திருக்கும். அதை வளமாக்க முயல்வதைவிட, முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எழுப்பி, ஏரி வண்டலும் மக்கிய எருவும் இட்டு நிரப்புவது விரைவான வழி. எருவுக்கு வெளியே போக வேண்டியதில்லை. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, தாவரக் கழிவையும் சாணத்தையும் சாம்பல் கலந்த மண்ணையும் அடுக்கடுக்காக இட்டுப் புரட்டிவிடும் முறையை வகுத்தார். உலகம் அதை ‘இந்தூர் முறை’ என்றே அறிகிறது. பூக்காத களையை இவ்வாறு மக்கச் செய்யலாம். பூத்ததை அதில் சேர்த்தல் ஆகாது. சிறு குழியின் வெப்பம் எல்லா விதைகளையும் கொல்லாது.

பின்மூலை கட்டடத்தின் நிழலில் நாள் முழுவதும் கிடந்தால் கீரை வெளிறிவிடும். ஐந்தாறு மணி நேர வெயிலாவது வேண்டும். அஃதில்லாத இடத்தில் சேம்பு, மஞ்சள் ஆகியவற்றோடு நிறைவடைய வேண்டியதுதான்.

எவ்வளவு இடம் தேவை? கணக்கு எளியது. ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் கீரை எனக் கொண்டால், முப்பது குழந்தைகளுக்கு ஒன்றரைக் கிலோ. வாரத்துக்கு இரு முறை எனில் மூன்று கிலோ. தண்டுக்கீரை வகைகள் விதைத்த நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். நன்கு பராமரித்த பாத்தியில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ எதிர்பார்க்கலாம். எனவே மூன்று சதுர மீட்டர் கொண்ட நான்கு பாத்திகள் அமைத்து, வாரத்துக்கொன்றாக விதைத்து வந்தால், ஐந்தாம் வாரம் முதல் ஒவ்வொரு வாரமும் ஒரு பாத்தி பறிப்புக்குத் தயாராக இருக்கும். ஆக மொத்தம் பன்னிரண்டு சதுர மீட்டர். ஒரு சிறு அறையின் அளவுதான். தெலுங்கு மக்கள் இக்கீரையைத் ‘தோட்டக்கூர’ என்கின்றனர். தோட்டத்துக் கீரை என்பதே அதன் பொருள். நான்கு பாத்திகளிலும் ஒரே நாளில் விதைத்துவிடுவதுதான் தொடக்க விழாக்களின் வழக்கம். அதனால் ஒரு வாரம் கீரை மிகுந்து வாடுகிறது. அடுத்த மூன்று வாரம் பாத்தி வெறுமையாகிறது. புகைப்படம் மட்டும் பசுமையாக அமைந்துவிடுகிறது.

ஓரங்களில் நிலையான செடிகள் சில இருத்தல் நலம். ஆண்டு முருங்கை இதற்கு ஏற்றது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம்.-1 என்னும் வகை, பின்னர் மகாராட்டிரம், குஜராத் போன்ற மாநிலங்களுக்கும் பரவியது. விதைத்த ஆறு மாதங்களில் காய்க்கும் இம்மரத்தின் இலை காயினும் சத்து மிக்கது. தமிழ்நாட்டில் உணவாகும் இவ்விலை, காயை மட்டும் விரும்பும் பகுதிகளில் வீணாகிறது. பப்பாளியைக் குழிக்கு இரண்டு மூன்று கன்றுகளாக நட்டுப் பூத்தபின் ஆண் செடிகளைக் களைய வேண்டும். ஒற்றைக் கன்று நட்டவர் பலர் பழத்துக்காகக் காத்திருந்து ஏமாந்துள்ளனர். அவரவர் நாக்கு அறிந்த கீரைக்கே முதலிடம் தருவது முறை. மராட்டியத்தில் அம்பாடி, ஆந்திரத்தில் கோங்கூரா, கன்னடத்தில் புண்டி எனப்படும் புளிச்சைக்கீரையை எந்தக் குழந்தையும் ஒதுக்குவதில்லை. தலைநகரிலிருந்து வரும் விதைப் பொட்டலத்தில் அது இருப்பது அரிது.

தண்ணீர் ஊற்றுபவர்

பன்னிரண்டு சதுர மீட்டருக்குக் கோடையில் நாளொன்றுக்கு அறுபது லிட்டர் நீரேனும் வேண்டும். பதினைந்து லிட்டர் வாளியில் நான்கு வாளி. அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் இதில் ஒரு பகுதியை ஈடு செய்யும். சோப்பு கலந்த நீரை வாழைக்கு விட்டுவிடலாம். எஞ்சிய வாளிகளை யாரேனும் சுமக்க வேண்டும்.

இத்திட்டங்களின் நலிவு இங்கேதான் தொடங்குகிறது. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது சம்பளமன்று, மதிப்பூதியம். குழந்தைகளின் எடையும் உயரமும் அளத்தல், முன்பருவக் கல்வி, உணவு வழங்கல், வீடுதோறும் செல்லுதல், 2021 முதல் கைப்பேசியில் பதிவேற்றம் என அவரது நாள் முன்னரே நிரம்பிவிட்டது. தோட்டத்துக்குச் செலவில்லை என்று கோப்பில் எழுதும்போது, அவருடைய முழங்கையும் உதவியாளரின் முதுகும் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. செலவில்லாத தோட்டம் என்று ஒன்று கிடையாது. செலவை யார் தலையில் ஏற்றுவது என்பதே கேள்வி.

தாய்மார் குழு ஒன்று முறைவைத்து நீரூற்றவும், குழந்தைகளுக்குப் போக எஞ்சும் கீரையைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளவும் ஏற்பாடு இருந்தால் தோட்டம் நிலைக்கக்கூடும். பறித்தவர் எடுத்துச் செல்வது முறைகேடு என்று தணிக்கையாளர் கருதினால், அன்றே வாளி கீழே வைக்கப்படும். ஆகவே பகிர்வு முறையை ஊராட்சித் தீர்மானத்தில் முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது. விதை வழங்கும் நாளும் கவனத்துக்குரியது. தக்காணத்தில் ஜூன் மழைக்கு விதை மே மாத இறுதிக்குள் கையில் இருக்க வேண்டும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் அவசரமாகப் பொட்டலம் வழங்கினால், அது ஏப்ரல் வெயிலில் விதைக்கப்பட்டுக் கருகும். அல்லது அலமாரியில் கிடந்து முளைப்புத் திறன் இழக்கும்.

கடுங்கோடையில் நான்கு பாத்திகளையும் காப்பாற்ற முனைய வேண்டிய தேவையில்லை. நீர் குறையும்போது மூன்றைக் காயவிட்டு மூடாக்கு இட்டு வைக்கலாம். முருங்கையும் கறிவேப்பிலையும் அந்த இரண்டு மாதங்களைச் சமாளிக்கும். நான்காம் பாத்தியில் நல்ல கீரைச் செடிகள் சிலவற்றைப் பறிக்காமல் முற்றவிட்டால், அடுத்த ஆண்டுக்கான விதை அங்கேயே கிடைத்துவிடும். அதை உலர்த்தி, சாம்பல் கலந்து, மூடியுள்ள பானையில் வைப்பது கிராமத்துப் பெண்கள் அறிந்த முறை. ஜூனில் முதல் மழை விழுந்ததும் பாத்தியில் முதலில் தலைகாட்டுவது பார்த்தீனியமாகவே இருக்கும். இரண்டு வாரம் பொறுத்து அதை வேரோடு பிடுங்கியபின் முதற்பாத்தியில் விதையைத் தூவ வேண்டும்.