அலமாரியின் அடித்தட்டு



நான் முதலில் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் மனுவை மூன்று பிரதி எழுதித் தர வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "ஆதியிலேருந்தே இப்படித்தான் சார்" என்றார் எழுத்தர். அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய கோப்பு கிடைத்தது. ஒரு வெள்ளத்தில் மனுக்கள் நனைந்து போனதால், அந்தச் சம்பா பருவத்துக்கு மட்டும் செயலாளர் ஒருவர் போட்ட உத்தரவு அது. எங்கள் 'ஆதி'க்கு வயது ஒன்பது!

ஆனால் நாகை மாவட்டக் கீழ்வேளூர்ப் பக்கம் வழக்கம் என்ற சொல்லை இப்படி லேசாக உச்சரிக்க முடியாது. பண்ணையாளுக்கு இத்தனை மரக்கால் நெல் என்பதும் ஒரு காலத்தில் வழக்கம்தான். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து அதில் கைவைத்தது. பிறகும் கூலித் தகராறு ஓயவில்லை. நிலக்கிழார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தார் மனதில், ஆண்டையும் ஆளும் ஒரே குடும்பமாக இருந்த ஒரு காலம் இருந்தது. வெளியாட்கள் வந்து கெடுத்துவிட்டார்களாம். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு நினைவிருந்தது தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலும் சவுக்கடியும். வரப்பு ஒன்றுதான், நினைவு இரண்டு. அந்தத் தகராறில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

அதன்பின் இங்கே வந்து தங்கியவர்கள் காந்தியத் தம்பதியான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்காக ஊர் ஊராக நடந்தவர்கள். தானமாக வந்த நிலத்தில் தரிசு எவ்வளவு, வழக்கில் கிடந்தது எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பொற்காலம் என்று பாடிக்கொண்டே இருந்திருக்கலாம். வீண்வேலை என்று தலைமுழுகியும் இருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. உழுபவருக்கு நிலம் சேர்க்க 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி இயக்கம், தானம் கேட்காமல் நிலத்துக்கு விலை பேசியது. வங்கியில் கடன் வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று பிரித்து, பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதியது. வினோபாவின் பெயரை மட்டும் விடவில்லை. கூத்தூர் ஆசிரமத்துக்கு அந்தப் பெயர்தான்.

சொந்த இயக்கத்தின் பழைய கணக்கை இப்படிப் பார்க்கத் தனித் துணிச்சல் வேண்டும். எனக்கு அது அவ்வளவாக இருந்ததில்லை. பட்டம் வாங்கும் பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் வங்கியிலோ வேளாண் துறையிலோ உட்காரும்போது, "இப்படித்தான் சார்" என்ற குரல் கட்டாயம் கேட்கும். சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவரும் கேட்டதைத்தான் சொல்கிறார். கோபப்படாமல் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். கரப்பான் இருக்கும், ஜாக்கிரதை.

அந்த மூன்று பிரதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான் ஓய்வு பெறும்போது இரண்டாகியிருந்தது.