மலிவு டேப்பில் என்ன இருக்க வேண்டும்?



டேப்லெட் என்றதும் பலருக்கு மாத்திரைதான் நினைவுக்கு வரும். காய்ச்சல் வந்தால் டாக்டர் எழுதிக் கொடுப்பாரே, அது. இன்றைய பேச்சு அந்த டேப்லெட்டைப் பற்றி அல்ல. சிலேட்டு போல இருக்கும் கணினியைப் பற்றி. பிள்ளைகள் அதை 'டேப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விரலால் தொட்டால் வேலை செய்யும். படம் காட்டும், பாடம் சொல்லும், கணக்குப் போடும்.

தாராவியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பத்தடி அறை. மேலே ஒரு பரண். அம்மா விடியும் முன்னே எழுந்து இட்லி அவிக்கிறார். அப்பா அதைச் சைக்கிளில் கட்டி மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் கொண்டுபோய் விற்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. மகன் ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேரும் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிளக். மாவு அரைக்கும் கிரைண்டருக்கும் அதுதான், மின்விசிறிக்கும் அதுதான்.

இந்த வீட்டுக்கு ஒரு டேப் வருகிறது. அதில் என்னென்ன பாகங்கள் இருக்க வேண்டும்? எது இல்லாவிட்டால் பரவாயில்லை?

சின்னக் கேள்விதான். ஆனால் பெங்களூரிலும் டில்லியிலும் மும்பைப் பவாயிலும் பெரிய படிப்புப் படித்தவர்கள் இதே கேள்வியை வைத்துப் பல ஆண்டுகள் வாதாடினார்கள். ஒரு பாகம் சேர்ந்தால் விலை ஏறும். ஒரு பாகம் குறைந்தால் யாரோ ஒருவருக்கு அந்தக் கருவி பயன்படாமல் போகும். வாதமெல்லாம் இதில்தான்.

முதலில் பெங்களூர். அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சிலரும் ஒரு கம்பெனிக்காரர்களும் சேர்ந்து ஒரு கருவி செய்தார்கள். பெயர் சிம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்கும். மாதிரிக் கருவி 2001 ஏப்ரலில் வெளிவந்தது. அதில் இரண்டு விஷயங்கள் அருமையானவை. எழுத்தைக் குரலாக வாசித்துச் சொல்லும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தார்கள். இன்னொன்று, ஒரு சின்ன அட்டை செருகும் வழி. ஊருக்கு ஒரு கருவி இருந்தால் போதும். ஆளுக்கு ஓர் அட்டை. தன் அட்டையைச் செருகினால் தன் விவரம் வரும். எடுத்துவிட்டால் அடுத்தவர் பயன்படுத்தலாம். பத்துப் பேர் சேர்ந்து வாழும் இடத்தைத் தெரிந்தவர்கள் யோசித்த யோசனை இது.

ஆனால் விலை குறையவில்லை. 2004-இல் விற்பனைக்கு வந்தபோது மிகக் குறைந்த விலையே 10,000 ரூபாயை ஒட்டி இருந்தது. வண்ணத் திரை வேண்டும் என்றால் இன்னும் அதிகம். அதற்குள் செல்போன் மலிந்துவிட்டது. சில ஆயிரம் கருவிகள்தான் விற்றன. அட்டை யோசனையும் அதோடு போயிற்று.

அடுத்து வந்தது அமெரிக்கக்காரர்களின் நூறு டாலர் மடிக்கணினி. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. மின்சாரம் இல்லாத ஊரில் எப்படி ஓட்டுவது? கையால் சுற்றும் ஒரு பிடியை வைத்தார்கள். 2005 நவம்பரில் துனிசு நகரில் ஒரு பெரிய மாநாடு. ஐ.நா. சபையின் தலைமைச் செயலாளர் கோபி அன்னான் அந்தப் பிடியைச் சுற்றினார். பிடி கையோடு வந்துவிட்டது! பிறகு செய்த மடிக்கணினிகளில் அந்தப் பிடி இல்லை. ஆனால் வெயிலில் வைத்துப் படிக்கக்கூடிய திரையும் தூசி புகாத ரப்பர் விசைகளும் இருந்தன. 2007-இல் மும்பைக்குப் பக்கத்தில், கர்ஜத் வட்டாரத்துக் கைராத் என்ற சிற்றூர்ப் பள்ளிக்கும் இந்த மடிக்கணினிகள் வந்தன. விலை மட்டும் நூறு டாலரில் நிற்கவில்லை. இரு நூறு டாலருக்குப் பக்கத்தில் போய்விட்டது. இந்திய அரசு 2006-லேயே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சொந்தமாக, இன்னும் மலிவாகச் செய்யலாம் என்றது.

அப்படி வந்ததுதான் ஆகாஷ் டேப்.

2011 அக்டோபர் 5-ஆம் தேதி டில்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் அதை வெளியிட்டார். டேட்டாவிண்ட் என்ற கம்பெனி செய்தது. அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய். மாணவர்களுக்குப் பாதி விலையில் கொடுப்பதாகச் சொன்னார்கள். உலகத்திலேயே மலிவான டேப் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் காலத்தில் நல்ல டேப் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். 2,276 ரூபாயில் என்ன கொடுத்தார்கள்?

ஒரு டேப்பைச் சமையலறை போல நினைத்துப் பாருங்கள். பிராசசர் என்பது வேலை செய்யும் கை. மெமரியில் இரண்டு வகை உண்டு. ஒன்று அலமாரி. பாடம், படம், பாட்டு எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று சமையல் மேடை. இப்போது நடக்கும் வேலைக்கு வேண்டிய சாமானை அதில் பரப்பிக்கொள்ள வேண்டும். மேடை சிறியதாக இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை எடுக்க முடியும். ஆகாஷில் கையும் மெதுவான கை. மேடையும் சிறியது. 256 எம்.பி. ஒன்றைத் தொட்டுவிட்டு அது திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் அதிகம் திட்டு வாங்கியது திரைதான்.

தொடுதிரையில் இரண்டு வகை. முதல் வகையில் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், கீழே இன்னொரு தகடு. இடையில் சின்ன இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். எந்த இடத்தில் ஒட்டியது என்று கருவி கண்டுபிடிக்கும். இது மலிவு. நகத்தால் அழுத்தலாம், குச்சியாலும் அழுத்தலாம். தோல் வேலை செய்து காய்த்துப் போன விரலாக இருந்தாலும் சரி, மாவு ஒட்டிய விரலாக இருந்தாலும் சரி. ஆனால் நன்றாக அழுத்த வேண்டும். சீக்கிரம் கீறல் விழும். இரண்டு விரலை விரித்துப் படத்தைப் பெரிதாக்க முடியாது.

இரண்டாம் வகை இன்று எல்லாச் செல்போனிலும் இருப்பது. கண்ணாடித் திரை. மனித உடம்பில் மின்சாரம் ஓடக்கூடிய தன்மை உண்டு. விரல் பட்டதும் அதை வைத்து இடம் கண்டுபிடிக்கும். அழுத்த வேண்டாம், பட்டும் படாமல் தொட்டால் போதும். ஆனால் ஈர விரல் என்றால் தடுமாறும். விலையும் அதிகம். டேப்பின் பாகங்களில் திரைக்கு ஆகும் செலவே பெரிய செலவு.

ஆகாஷில் முதல் வகையை வைத்தார்கள். "அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது" என்றார்கள் மாணவர்கள். "இந்த விலைக்கு வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?" என்றார்கள் எதிர்த்துப் பேசியவர்கள். மாணவர்கள் சொன்னதுதான் நியாயம். படிக்கக் கொடுக்கிற கருவி படிக்கும் ஆசையைக் கெடுக்கக் கூடாது அல்லவா?

பேட்டரி அடுத்த குறை. இரண்டு மூன்று மணி நேரம்தான் தாங்கும். அந்த இட்லிக்காரர் வீட்டில் ஒரு பிளக்தான் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். கிரைண்டர் ஓடும் நேரத்தில் டேப்புக்குச் சார்ஜ் ஏறாது. அங்கே கேமராவைவிடப் பெரிய பேட்டரிக்குத்தான் மதிப்பு.

இன்டர்நெட் இன்னொரு வாதம். ஆகாஷுக்குள் சிம் போடும் வசதி இல்லை. வைஃபை இருந்தால்தான் வேலை செய்யும். கல்லூரி வளாகத்துக்கு அது போதும். 2011-இல் தாராவியின் எந்தச் சந்தில் வைஃபை இருந்திருக்கும்? சிம் போடும் டேப்பையும் அதே கம்பெனி தனியாக விற்றது. விலை 2,999 ரூபாய். எழுநூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

தமிழர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. இது பாகத்தின் குறை அல்ல, உள்ளே ஓடும் மென்பொருளின் குறை. ஆகாஷில் இருந்தது ஆண்ட்ராய்டு 2.2. அதில் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது. அ, ஆ வர வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வரும். அப்போதுதான் எழுத்துக் கற்ற ஒருவர் அந்தத் திரையைப் பார்த்தால் தன் படிப்பில்தான் பிழை என்று நினைத்திருப்பார்.

பிறகு மழைச் சண்டை வந்தது. ஆகாஷைச் சோதிக்கும் பொறுப்பு ராஜஸ்தான் ஐ.ஐ.டி.யிடம் இருந்தது. கொட்டும் மழையிலும் கெடக் கூடாது, கீழே விழுந்தாலும் உடையக் கூடாது என்றார்கள். "இதெல்லாம் ராணுவக் கருவிக்கு வைக்கும் சோதனை" என்றது கம்பெனி. டேப் வருவது தாமதமானது. அரசு அந்தப் பொறுப்பை 2012-இல் மும்பை ஐ.ஐ.டி.க்கு மாற்றியது.

யார் சொன்னது சரி? 2005 ஜூலை 26-ஆம் தேதி மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தாராவியில் தண்ணீர் புகுந்த வீட்டில் பரணில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு மழைச் சோதனை வேடிக்கையாகத் தோன்றாது. ஆனால் தண்ணீர் புகாத கருவியை 2,276 ரூபாய்க்குச் செய்ய முடியாது என்பதும் உண்மை. விலையை முதலில் ஆணியடித்து வைத்துவிட்டுப் பிறகு மழையையும் கேட்டால் எப்படி?

மும்பை ஐ.ஐ.டி. இருப்பது பவாயில். செம்பூரிலிருந்து வெகு தூரம் இல்லை. அங்கே பேராசிரியர் தீபக் பாடக் முதலானோர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். 2012 நவம்பர் 11-ஆம் தேதி ஆகாஷ் 2 வந்தது. அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்டார். கண்ணாடித் தொடுதிரை வந்துவிட்டது. கை வேகமானது. மேடை இரண்டு மடங்கானது. முன்பக்கம் ஒரு கேமராவும் சேர்ந்தது. விலை ஏறக்குறைய பழைய விலைதான். எப்படி? ஓராண்டுக்குள் உலகச் சந்தையில் அந்தப் பாகங்களின் விலை இறங்கிவிட்டது. ஆனால் பேட்டரி மட்டும் அதே மூன்று மணி நேரம்!

அதன் பிறகு அடுத்த ஆகாஷுக்குப் பட்டியல் போட்டார்கள். பட்டியல் நீண்டது. அந்த டேப் பிள்ளைகள் கைக்கு வரவில்லை. 2015-இல் திட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அதே 2015-இல் மும்பை மாநகராட்சி தன் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படித்த 22,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டேப் கொடுத்தது. புத்தகப் பையின் சுமையைக் குறைப்பது நோக்கம். பாடங்களை முன்பே உள்ளே ஏற்றிக் கொடுத்தார்கள். இன்டர்நெட்டை நம்பவில்லை. அதாவது அலமாரியை நிரப்பிக் கொடுத்தார்கள். தாராவிக்கு ஏற்ற வழி இது.

ஐந்து ஆண்டு கழித்து, 2020-இல், கொரோனா வந்து பள்ளிகள் மூடின. பாடம் இன்டர்நெட்டில் வந்தது. அப்போது சிம் வேண்டும், கேமரா வேண்டும், டீச்சர் பேசுவது கேட்க நல்ல ஒலிபெருக்கி வேண்டும். எத்தனையோ வீடுகளில் அப்பாவின் ஒரே போன்தான் இருந்தது. அவர் வேலைக்குப் போனால் பாடமும் அவரோடு போயிற்று. அவர் வீட்டில் இருந்தால் அண்ணனும் தங்கையும் முறை வைத்துப் படித்தார்கள். சிம்ப்யூட்டரின் அந்தச் சின்ன அட்டையை அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த இட்லிக்கார அம்மா தாராவி 90 அடி சாலையில் ஒரு கடை வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய டேப்களைப் பழுது பார்த்து விற்கும் கடை. கடைக்காரர் இளவயசுக்காரர், திருநெல்வேலிப் பக்கம்.

"ரெண்டு கேமரா இருக்குக்கா. படம் சும்மா பளிச்சுன்னு வரும்."

"கேமரா கெடக்கட்டும் தம்பி. தமிழ் எழுத்து வருதா?"

"வரும்க்கா. இப்ப எல்லாத்துலயும் வரும்."

அவர் திரையைக் காட்டுகிறார். அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்கிறார். எழுத்து வருகிறது. பிறகு டேப்பைத் திருப்புகிறார்.

"சார்ஜ் போடுற எடம் ஆடுதே?"

"அது மாத்திக் குடுத்திடுறேன்க்கா."

"எவ்வளவு நேரம் சார்ஜ் நிக்கும்?"

"அஞ்சு மணி நேரம் நிக்கும்."

"பேட்டரி போச்சுன்னா?"

"கம்பெனிக்காரன் ஒட்டித்தான் வச்சிருக்கான். பிரிச்சு மாத்தலாம், காசு ஆகும். மூணு மாசத்துக்குள்ள போனா காசு வேண்டாம்க்கா."

"அத பில்லுல எழுது."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். அம்மா பில்லை வாங்கி எழுத்துக் கூட்டி வாசிக்கிறார். டேப்பின் பெயர், விலை, தேதி எல்லாம் இருக்கிறது.

"மூணு மாசம்னு எங்க எழுதிருக்க, தம்பி?"

பில் மறுபடியும் கடைக்காரர் கைக்குப் போகிறது.