மனத்தில் உள்ளதைச் சொல்ல விடுங்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு என் பாராட்டு. ஆனால் நான் பேச வந்தது புள்ளிகளைப் பற்றி அல்ல. பிள்ளைகளின் மனத்தைப் பற்றி.

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன். திங்கட்கிழமை வந்தால், "சார், வயிறு வலிக்குது" என்பான். பொய் சொல்கிறான் என்று எண்ணி, "பேசாம உட்காருடா" என்று அதட்டினேன். ஒரு நாள் தனியே அழைத்து, "வயிறு வலிக்குதா, இல்ல பயமா இருக்குதா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "பயமா இருக்குது சார். தாத்தா செத்துப்போனாரு. அப்பா வேலைக்குப் போனா திரும்பி வருவாரான்னு இருக்குது" என்றான். வீட்டில் அழுதபோது, "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்றார்களாம். நான் மட்டும் வேறென்ன செய்தேன்?

சொல்லாத துன்பம் உடம்பில் தங்கும் என்பது பாட்டி காலத்துப் பேச்சு மட்டுமல்ல. 1986இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். தமக்கு நேர்ந்த துன்பத்தையும் அதனால் பட்ட வேதனையையும் எழுதியவர்களுக்கு அப்போது மனம் கனத்தது. ஆனால் சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட, பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைவு.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவில் லீபர்மன் என்பவரும் குழுவினரும், கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி, பார்ப்பவரின் மூளையைக் கருவியால் ஆராய்ந்தனர். அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, பயத்தில் விழித்தெழும் 'அமிக்டலா' என்னும் மூளைப்பகுதியின் வேகம் தணிந்தது. படத்தில் உள்ளவருக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவு தணியவில்லை.

பெற்றோர்களே, "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "இன்னைக்கு மனசு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வீட்டுத் தமிழே போதும், இலக்கணம் வேண்டாம்.

மாணவர்களே, கை ஓங்குமுன் "எனக்குக் கோபம் வருது" என்று வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல வெட்கமாக இருந்தால் நோட்டில் எழுதுங்கள்.

சொன்னவுடனே துன்பம் தீர்ந்துவிடாது. அந்த மாணவனின் பயமும் ஒரே நாளில் போகவில்லை. ஆனால் இப்போது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. "சார், இன்னைக்குக் கொஞ்சம் பயமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பாடத்தில் உட்காருகிறான்.