பழைய நாற்காலி

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் இப்போதுதான் பேசிவிட்டு உட்கார்ந்தார். "நகைச்சுவைத் தொடருக்கு நடிகர் முகம்தானய்யா உயிர். மேசை நாற்காலியைப் பார்த்தா சிரிக்கிறோம்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எதில் உட்கார்ந்தார்? நாற்காலியில்! (சிரிப்பு)

திரைக்குப் பின்னால் உழைப்பவர்களே காரணம் என்பது எங்கள் அணி. நானும் ஒரு நாற்காலியிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971-இல் 'ஆல் இன் த ஃபேமிலி' என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. ஆர்ச்சி பங்கர் குடும்பத் தலைவர். வாயைத் திறந்தால் சண்டை. கூடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி. மருமகன் அதில் உட்கார்ந்துவிட்டால் போதும், வீடு ரெண்டாகும். எங்க அப்பாவோட சாய்வு நாற்காலியும் அப்படித்தாங்க. அவர் வெளியே போனபிறகுதான் நாங்கள் ஏறுவோம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இறங்கி ஓடுவோம்.

அந்த ஆர்ச்சி நாற்காலி எங்கே கிடைத்தது தெரியுமா? பழைய சாமான் கடையில், ஒரு சில டாலருக்கு! புதுசு வாங்கக் காசில்லாமலா? இல்லைங்க. அது உழைப்பாளி வீடு. பல வருஷம் ஒருத்தர் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலிதான் அங்கே பொருந்தும். முதல், கரு, உரி என்று தொல்காப்பியர் வரிசை வைத்தாரே, இடத்தையும் பொழுதையும் சொல்லிவிட்டுத்தானே உணர்ச்சிக்கு வருகிறார்!

1978-இல், தொடர் முடியப்போகிறது என்று நினைத்து, அதையும் மனைவி ஈடித் உட்காரும் நாற்காலியையும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தொடர் முடிந்ததா? இல்லை, இன்னும் ஒரு வருஷம் நீண்டது. தானம் கொடுத்த மாட்டைத் திரும்பப் பிடிக்க முடியுமா? அதே மாதிரி இரண்டு செய்தார்கள். செலவு ஆயிரக்கணக்கான டாலர்! பழசு சில்லறைக் காசு. பழசு மாதிரி செய்ய ஆயிரக்கணக்கில்! (கைதட்டல்)

அடுத்து, 1982 முதல் 1993 வரை ஓடிய 'சியர்ஸ்'. பாஸ்டன் நகரத்து மதுக்கடையில் நடக்கிற கதை. நார்ம் என்பவர் கோப்பை கோப்பையாக பீர் குடிப்பார். அது போதை குறைந்த பீர். நுரை நிற்பதற்காக உப்பு வேறு போட்டது! அதை ரசித்துக் குடிப்பதுபோல் நடித்தாரே ஜார்ஜ் வென்ட், அது நடிகர் திறமை. எதிரணிக்கு ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நுரை? அது உப்புப் போட்டவர் கணக்கு! (சிரிப்பு)

1994-இல் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில், மோனிகா வீட்டுக் கதவில் ஒரு மஞ்சள் சட்டம் தொங்கும். அது முதலில் கண்ணாடி. வேலைக்காரர் ஒருவர் கைதவறி உடைத்தார். வெறும் சட்டத்தை எடுத்துக் கதவில் மாட்டிவிட்டார்கள். உலகப் புகழ்!

மணியில் கை வைக்காதீர்கள் நடுவர் அவர்களே, ஆர்ச்சி கதையை முடித்துவிடுகிறேன். அதே ஆர்ச்சியை வைத்துப் பின்னால் 'ஆர்ச்சி பங்கர்ஸ் ப்ளேஸ்' என்ற தொடர் வந்தது. ஈடித்தாக நடித்த ஜீன் ஸ்டேபிள்டன் விலகிக்கொண்டார். 1980-இல், கதையில் ஈடித் இறந்துவிட்டதாகக் காட்டினார்கள். சாவைக் காட்டவில்லை, பிணத்தைக் காட்டவில்லை. படுக்கையறையில் ஆர்ச்சி தனியாக நிற்கிறார். கண்ணில் படுகிறது மனைவியின் செருப்பு. ஜோடி இல்லை, ஒற்றைச் செருப்பு. கையில் எடுக்கிறார். வாழ்நாளெல்லாம் அவளைத் திட்டியே பேசிய மனுஷன், 'உன்மேல் எனக்கு அன்பு' என்று இன்னும் ஒரே ஒரு தடவை சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் போய்விட்டாயே என்று அழுகிறார்.

அழுதவர் கரோல் ஓ'கானர், பெரிய நடிகர். மறுக்கவில்லை. எதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார் என்பதை மட்டும் அடுத்து வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும். உட்காருகிறேன். (கைதட்டல்)