எங்கே என்னும் வினா

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



உலகம் படைக்கப்பட்டதைப் பற்றியும், மனிதனுக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைப் பற்றியும் கிறித்தவ சமயம் கருதுவது யாது? இதுவே இன்றைய பேச்சின் பொருள். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எங்கள் அம்பாறைக் கரையிலே இது புதுமையன்று. காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். சைவம் காத்த ஆறுமுக நாவலரோ, யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர். அந்தத் தமிழாக்கம் 1850 இல் அச்சேறியது. நம்பிக்கை வேறாக இருக்கலாம். நூலைக் கற்பதற்கு அது தடையாகாது என்பதற்கு இவ்விருவருமே சான்று. நானும் விவிலியத்தை ஒரு தமிழ் நூலாக வாசிக்கும் ஆசிரியனாகவே பேசுகிறேன்.

முதலிலே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். பழைய தமிழாக்கங்கள் 'சிருஷ்டி' என்றன. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995 இல் வெளியிட்ட திருவிவிலியம் 'படைத்தல்' என்கிறது. எபிரேய மூலத்தில் உள்ள வினைச்சொல் 'பாரா' என்பது. அந்நூலிலே அச்சொல்லுக்கு எழுவாயாக இறைவன் ஒருவனே வருவான், மனிதன் வருவதில்லை. நம் தமிழ்ச் சொல் இன்னும் பரந்தது. இறைவன் உலகைப் படைக்கிறான். கவிஞன் காவியம் படைக்கிறான். நாம் தைத்திருநாளிலே பொங்கல் படைக்கிறோம். பக்கத்து முஸ்லிம் ஊர்களிலே ஆபத்து வேளையில் 'படைச்சவனே' என்று அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே சொல் எத்தனை வாயிலே எத்தனை விதமாக வாழ்கிறது!

சொல் ஒன்றாயினும் கருத்து ஒன்றன்று. சைவ சித்தாந்திகள் குயவனை உவமை காட்டுவார்கள். குயவன் குடம் வனைகிறான். ஆனால் மண் முன்னரே இருந்தது. அதுபோல இறைவன் மாயையிலிருந்து உலகைத் தோற்றுவிக்கிறான். இறையும் உயிரும் தளையும் தொடக்கமில்லாதவை என்பது அவர்கள் முடிபு. கிறித்தவக் கொள்கையிலோ குயவனுக்கு முன் மண்ணும் இல்லை. இறைவன் சொன்னான், இல்லாதது உண்டாயிற்று. உயிருக்கும் ஒரு தொடக்கம் உண்டு. ஆகவே உயிர் முற்றிலும் பெற்றுக்கொண்ட ஒன்று, முழுவதும் கொடை.

இந்தக் 'இன்மையிலிருந்து படைத்தல்' என்னும் கருத்து ஏதோ தருக்க வாதிகள் உட்கார்ந்து புனைந்தது போலத் தோன்றலாம். கத்தோலிக்க விவிலியத்திலே மக்கபேயர் இரண்டாம் நூலில் அது யாருடைய வாயில் வருகிறது என்று பாருங்கள். ஏழு புதல்வரைப் பெற்ற ஒரு தாய். ஆறு பேர் அவள் கண்முன்னே வதைத்துக் கொல்லப்பட்டனர். எஞ்சிய கடைசி மகனிடம் அவள் பேசுகிறாள். இல்லாமையிலிருந்து எல்லாவற்றையும் உண்டாக்கியவன், போன உயிரையும் திருப்பித் தரவல்லவன் என்பது அவளுடைய நம்பிக்கை. ஆகவே இக்கொள்கையைப் பிள்ளையை இழந்த தாயின் குரலாகவும் கேட்க வேண்டும்.

இனி மனிதன். தொடக்கநூல் மனிதனை மண்ணிலிருந்து உருவாக்குகிறது. எபிரேயத்திலே 'ஆதாம்' என்ற பெயரும், மண்ணைக் குறிக்கும் 'அதாமா' என்ற சொல்லும் ஒட்டிப் பிறந்தவை. அந்த மண்ணுக்குள் இறைவன் தன் மூச்சை ஊதுகிறான். இன்னோரிடத்தில், ஆணும் பெண்ணுமாக மனிதர் இறைவனின் சாயலில் படைக்கப்பட்டனர் என்று அந்நூல் கூறுகிறது. அக்காலத்து அயல்நாடுகளிலே அரசனைத்தான் தெய்வத்தின் சாயல் என்றார்கள். தொடக்கநூலோ அந்தப் பெருமையை அரண்மனையிலிருந்து இறக்கி எல்லா மனிதருக்கும் பொதுவாக்கிற்று.

'சாயல்' என்பது அழகான தமிழ்ச் சொல். பிள்ளையைப் பார்த்து, 'தகப்பன்ர சாயல் அப்படியே இருக்கு' என்று நாம் சொல்கிறோம். தொல்காப்பிய உரியியலோ சாயலுக்கு மென்மை என்று பொருள் கூறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆசிரியனுக்குத் தோன்றும் உரை இது: இறைவனின் சாயல் மனிதனிடம் தெரிவது அவனுடைய வலிமையிலன்று, மென்மையிலேதான்.

சாயல் என்றால் உண்மையில் என்ன? அறிவா, பேச்சா, ஆட்சியா என்று அறிஞர் பலவாறு விளக்குவர். நூலையே கேட்டால் எனக்குக் கிடைக்கும் விடை வேறு. மனிதனிடம் இறைவன் கேள்வி கேட்கிறான். அந்தக் கேள்விகளில் மூன்று 'எங்கே' என்ற ஒரே சொல்லைக் கொண்டு அமைந்திருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

முதலாவது எங்கே ஆதாமை நோக்கியது. விலக்கிய கனியைத் தின்றவன் மரங்களுக்கிடையே ஒளிந்திருக்கிறான். இறைவன் அவன் எங்கே என்று கேட்கிறான். எல்லாம் அறிந்தவனுக்கு ஒளிந்த இடம் தெரியாதா? தெரியும். தண்டனையை அறிவிப்பதற்கு முன்பு அழைப்பு வருகிறது. ஒளிந்தவன் தானே வெளியே வந்து மறுமொழி சொல்லட்டும் என்பது கருத்து. மறுமொழி சொல்லக்கூடியவனாக இருப்பதே மனிதனின் சிறப்பு.

இரண்டாவது எங்கே காயினை நோக்கியது. அவன் தம்பி ஆபேலை வயலிலே கொன்றுவிட்டு வந்து நிற்கிறான். தம்பி எங்கே என்ற வினா எழுகிறது. தம்பிக்கு நான் காவலாளியோ என்று அவன் திருப்பிக் கேட்கிறான். இங்கே மொழி நுட்பம் ஒன்றுண்டு. முன்பு ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோது, அதைப் பண்படுத்திக் காக்கும்படி வைத்ததாக நூல் சொன்னது. அந்தக் 'காத்தல்' என்ற எபிரேய வினையிலிருந்து பிறந்த சொல்லே 'காவலாளி' என்பதும். தமிழிலும் காத்தலும் காவலும் ஒரே வேர்தானே! வட்டையிலே வாடி போட்டு, யானைக்கும் பன்றிக்கும் அஞ்சாமல் இரவிரவாக விழித்திருக்கும் எங்கள் விவசாயிக்குக் காவல் என்பதன் பொருள் நன்கு தெரியும். உலகை ஆளும்படி மனிதனுக்குச் சொல்லப்பட்டதைக் கொண்டு காட்டையும் கடலையும் சூறையாட உரிமை தேடுவோர் இந்தச் சொல்லை மறந்துவிடுகிறார்கள். தோட்டத்தைக் காக்க வேண்டியவன் தம்பியையும் காக்க வேண்டியவனே.

முஸ்லிம் வீடுகளிலே இந்தச் சகோதரரைக் காபீல், ஹாபீல் என்று அறிவார்கள். ஆகவே எங்கள் கரைக்கு இக்கதை அந்நியமானதன்று. அந்நியமாக இருந்திருக்கலாமே என்று ஏங்கவைக்கும் கதை. 1990 ஆம் ஆண்டிலே இக்கரையின் தமிழ் ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் சிந்திய இரத்தம் அண்டை அயலாரின் இரத்தம். அன்று நான் சிறுவன். பெரியவர்கள் இரு பக்கத்திலும் தம் பக்கத்து இழப்பையே எண்ணிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். எங்கே என்ற அந்த வினா அடுத்த பக்கத்தாரைப் பற்றியும் நம்மிடம் கேட்கப்படுகிறது என்பதைத் தொடக்கநூலின் நான்காம் அதிகாரம் எனக்குக் கற்பித்தது.

மூன்றாவது எங்கே யோபுவை நோக்கியது. முஸ்லிம்கள் அய்யூப் நபி என்று போற்றுபவர் இவரே. குற்றமற்ற இந்த மனிதர் மக்களை இழந்தார், செல்வம் இழந்தார், உடல்நலமும் இழந்தார். மூன்று நண்பர்கள் வந்தனர். நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம் என்று மாறி மாறிச் சாதித்தனர். யோபு ஒப்பவில்லை. இறைவனையே வழக்காடக் கூப்பிட்டார். கடைசியிலே சூறைக்காற்றிலிருந்து இறைவன் பேசுகிறான். உலகுக்கு அடித்தளம் இட்டபோது நீ எங்கே இருந்தாய் என்பதே அவன் கேள்வி. பின் படைப்பின் காட்சிகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. அவற்றிலே கடல் ஒரு பச்சைக்குழந்தை. மேகம் அதற்கு உடை. இருள் அதைச் சுற்றிய துணி. அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் இட்டு, இதற்கப்பால் வராதே என்று எல்லை குறித்தவன் இறைவன்.

அந்தப் பகுதியை வாசிக்கும்போது வினாயகபுரத்தானாகிய நான் நிறுத்தாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், எங்கள் கடல் அந்தக் கதவைக் கடந்து வந்தது. இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மாண்டவர் 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரம் முழுவதும் ஒரே அழுகை. படைத்தவை யாவும் நல்லவை என்று சொல்லும் நூலுக்கு முன்னே அந்தக் காலையை வைத்தால் என்ன விடை?

அந்நாள்களில் நலன்புரி நிலையங்களிலே விடை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. மக்கள் நெறி தவறியதால் வந்த தண்டனை என்றார் சிலர். எல்லாச் சமயத்திலும் அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் முன்னாலே அப்படி ஒருவர் பேசியதை நான் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

யோபு நூலின் முடிவு அத்தகையோருக்கு உரியது. யோபுவின் துன்பத்துக்குக் காரணம் இன்னதென்று இறைவன் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டான். தன் சார்பாக வாதாடிய நண்பர்கள்மீது சினந்து, அவர்கள் தன்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுவே சரியாகப் பேசினான் என்றான். கேள்வி கேட்டவன் ஏற்கப்பட்டான். பழி சுமத்தி விளக்கம் சொன்னவர்கள் கண்டிக்கப்பட்டார்கள்!

கண்ணொளி இழந்த சுந்தரர் திருவாரூர்ப் பெருமானைக் கடிந்து பாடியதை நம்மவர் குற்றமாகக் கொள்வதில்லை. தம்பிரான் தோழர் என்றல்லவோ அவரைப் போற்றுகிறோம்! உறவு உள்ள இடத்திலேதான் உரிமையான கோபமும் உண்டு. கிறித்தவர்களுக்கு இக்கருத்து சிலுவையிலே உச்சம் பெறுகிறது. படைப்புக்குக் காரணமான வாக்கே மனிதனானது என்பது யோவான் நற்செய்தியின் அறிவிப்பு. அப்படி மனிதனாக வந்தவரே, ஏன் கைவிட்டாய் என்று இறைவனைக் கேட்டபடி உயிர்விடும் நிலையை மத்தேயு, மாற்கு நற்செய்திகள் காட்டுகின்றன. ஆகவே கேட்பது நம்பிக்கையின்மையன்று. படைத்தவன் மனிதனைக் கேட்கிறான்; மனிதனும் படைத்தவனைக் கேட்கலாம். நான் விளங்கிக்கொண்ட அளவிலே, கிறித்தவம் கூறும் படைப்பு உறவின் சாரம் இதுதான்.

அந்த மூன்று நண்பர்களும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வாய் திறப்பதற்கு முன்னே, ஏழு பகலும் ஏழு இரவும் யோபுவோடு தரையிலே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2004 இன் அந்த வாரத்தில், யார் வீட்டுப் பிள்ளை, எந்தச் சமயம் என்று கேளாமல் கிடந்தவர்களைத் தூக்கிச் சுமந்த தமிழ் இளைஞரையும் முஸ்லிம் இளைஞரையும் நான் கண்டேன். அவர்கள் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. உன் சகோதரன் எங்கே என்ற கேள்விக்கு, இதோ என் கைகளில் என்பது போல நடந்துகொண்டார்கள்.